பதின்மூன்றாம் வாரம் வாசலில் வந்து நின்றவர்

கடந்த இருபது நாளாக நம் குரூப்பில் நீங்கள் அடிக்கும் கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பழைய மர்ம சீரியலை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று மேஸ்திரியின் மகன் லிங்க் அனுப்பினாலும் அனுப்பினான், எல்லோருக்கும் வயது பதினொன்று ஆகிவிட்டது. மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, கார் டிரைவர்தான் குற்றவாளி என்று ஒருவர் எழுதுகிறார். துபாயில் பேரனைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, இல்லை, டாக்டர்தான் என்று இன்னொருவர் பதில் போடுகிறார். கடைசி வாரம் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது கணவனா, கணவனின் தம்பியா என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. முப்பது சொச்சம் வருடம் போயும் உங்களில் ஒருவருக்கும் ஹிந்தி வரவில்லை. அதனால் "நம்ம டிரான்ஸ்லேட்டர் வந்து சொல்லட்டும்" என்று என்னை இழுத்துவிட்டீர்கள்.

சொல்கிறேன். ஆனால் வாய்ஸ் மெசேஜில் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை இது, எழுதித்தான் ஆக வேண்டும். தமிழில்தான் எழுதுவேன். நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு நானே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், அதை வீணாக்க மனமில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். இதை ஆலுவாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நம் லைன் வீடுகளை இடித்து இப்போது கார் நிறுத்துகிறார்கள். கொச்சியில், கொச்சங்காடி கிடங்குகளுக்குப் பின்னால் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட பத்து வீடுகள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுக்கு மணமும் நனைந்த சாக்கு மணமும்தான். தாத்தாக்கள் காலத்தில் மலை தாண்டி வந்து நகரசபை வேலைக்குச் சேர்ந்த குடும்பங்கள் நாம். அப்பா ஓடை வேலை, அம்மா மார்க்கெட் கூட்டுகிற வேலை. விடியுமுன்னே போய், ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது திரும்பிவருவார்கள்.

டிவி மேஸ்திரி வீட்டில் மட்டும்தான். மரப்பெட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் தள்ளுகிற மரத்தடுப்புப் போட்டது. மேஸ்திரி வேலையில் எங்கள் அப்பாக்களை அதட்டுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தலைகுளித்து, சந்தனம் வைத்து, அந்தத் தடுப்பைச் சன்னதி நடை திறக்கிற மாதிரித் திறப்பார். அம்மாக்கள் கூட்டிவிட்டு வந்து, குளித்து, ஈரத்தலையைத் துணியில் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்காருவார்கள். அந்த அறையில் சோப்பு மணம் நிறைந்திருக்கும். ஊரின் அழுக்கை எல்லாம் வாரியவர்கள் அவ்வளவு சுத்தமாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். மலை ஊரில் ஒரு பெரிய வீடு. மழை பெய்கிற ஒரு சாயங்காலம் கணவன் காரை எடுத்துக்கொண்டு போகிறான். மறுநாள் கார் மட்டும் ஆற்றுப் பாலத்தில் நிற்கிறது. மனைவி, டிரைவர், குடும்ப டாக்டர், இவர்களைச் சுற்றிப் பதின்மூன்று வாரம். ஆள் செத்தானா, இருக்கிறானா, இருந்தால் ஏன் வரவில்லை?

எல்லாம் ஹிந்தி. லைனில் ஹிந்தி முதல் பரீட்சை பாஸான ஒரே ஆள் நான். அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். அதனால் எனக்கு டிவிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஸ்டூல். என் ஹிந்தி எவ்வளவு என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். ராமன் மாம்பழம் தின்கிறான், சீதை பள்ளிக்கூடம் போகிறாள், அவ்வளவுதான். அந்தச் சீரியலில் பதின்மூன்று வாரமும் ஒருவர்கூட மாம்பழம் தின்னவில்லை. பத்து வார்த்தை பேசினால் எனக்கு மூன்று புரியும். மீதி ஏழு வார்த்தையை முகத்தைப் பார்த்து நானே போட்டுக்கொள்வேன். மேஸ்திரி என்னைப் பெரிய அறிவாளி என்று நம்பி, கதை முடிந்ததும் கட்டன்சாயாவும் பழம்பொரியும் தருவார். பழம்பொரிக்காக நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மொழிபெயர்ப்பேன்.

நம் பெரியவர்களுக்கு மொழியே தேவைப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். இன்று என் மாணவர்கள் ஒரு சீரியலைப் பார்த்துவிட்டுத் தியரி தியரி என்று வீடியோ போடுகிறார்கள். நம் அம்மா அப்பாக்களுக்கு முன்னால் அதெல்லாம் தூசு. நான்காவது வாரம் சமையல்காரி குப்பையைக் கொட்டுகிற காட்சி வந்தது. அம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல இத்தனை முட்டைத்தோடு எப்படி வரும்? உள்ளே ஒரு ஆள் ஒளிஞ்சிருந்து தின்னுட்டிருக்கான்" என்றாள். குப்பையைப் பார்த்தே ஒரு வீட்டில் விருந்தாளி வந்ததையும் சண்டை நடந்ததையும் சொல்லிவிடுகிறவள் அவள். அப்பாவுக்கு அந்த வீட்டு முற்றத்து ஓடையின் மேல் புதிதாகப் பூசின சிமெண்டு கண்ணை உறுத்தியது. சுத்தம் செய்கிறவன் திறக்க வழியில்லாமல் ஓடையை எதற்கு மூட வேண்டும், ஆள் அங்கேதான் கிடக்கிறான் என்பது அவர் கட்சி. மேஸ்திரி, டிரைவர் முகத்தைத்தான் அடிக்கடி காட்டுகிறார்கள், சும்மா காட்டுவார்களா என்பார். வாரம் முழுக்க வேலையிடத்திலும் குழாயடியிலும் இதே பேச்சு. வருவான் கட்சி, வரமாட்டான் கட்சி என்று லைன் இரண்டாகப் பிரிந்து கிடந்தது.

இந்த இடத்தில் வேறொரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும்.

லைன் கோடியில் நம் அம்மன் கோயில் இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தால் அங்கே பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு இலைப் பொட்டலத்தில் செவ்வரளி, இன்னொன்றில் மல்லி. எது எதில் என்று தெரியாமல் அம்மன் முன்னால் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்கிற பிள்ளை பெரும்பாலும் நான்தான், எனக்குக் கைராசி என்று பேர். பொட்டலம் கட்டுகிறவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் கட்டினால் பூ நசுங்காது, இலையும் பிரியாது. புருஷன் விட்டுப்போனவள் பூக்கட்டலாமா என்று மேஸ்திரி வீட்டம்மா ஒருமுறை முணுமுணுத்தார். அத்தை அன்றைக்கும் பொட்டலத்தை இறுக்கிக் கட்டினாள்.

என் கைராசியின் ரகசியம் இதுதான். மல்லிக்கு மணம் உண்டு, அரளிக்குக் கிடையாது. குனிந்து எடுக்கும்போது மூக்கே சொல்லிவிடும். பக்கத்து வீட்டு ஆட்டை விற்கலாமா என்று பூக்கட்டினார்களே, அந்த ஆடு என் பாவாடையைத் தின்ற ஆடு. நான் வெள்ளையை எடுத்தேன், ஆடு போனது. இதில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்ததில்லை.

அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவள் புருஷன் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை என்று பம்பாய் போனவர். முதலில் இரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. ஆறு வருடம். அத்தை கிடங்கில் சுக்கு பொறுக்கும் வேலைக்குப் போனாள். ஞாயிறு சாயங்காலம் படகுத்துறையான போட் ஜெட்டி வரைக்கும் நடந்துபோய்விட்டு வருவாள். காற்று வாங்கப் போகிறாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் கூடப் போயிருக்கிறேன். அவள் காற்றை வாங்கவில்லை, போட்டிலிருந்து இறங்குகிற ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த மழைக்காலத்தில்தான் கிடங்குக்கு லாரியில் சுக்கு கொண்டுவருகிற ஆலுவாக்காரர் அப்பாவிடம் வந்து பெண் கேட்டார். நம் ஆட்கள்தான், மனைவி இறந்து மூன்று வருடம், பிள்ளை இல்லை. அப்பாவுக்குச் சம்மதம், அம்மாவுக்கும் சம்மதம். அத்தை மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் படம் பார்த்துப் பார்த்து மூளை கெட்டுவிட்டது, கதை முடிகிறவரைக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் விளையாடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அவள் விளையாடவில்லை. ஒன்பதாவது வாரம் முடிந்த அன்று, துணி துவைக்கிற கல்லில் வைத்து எனக்கு மட்டும் சொன்னாள்.

"மோளே, அந்தக் கதையில போன ஆள் திரும்பி வந்தா நான் இங்கேயே காத்திருப்பேன். வரலேன்னா ஆலுவாக்காரருக்குச் சம்மதம்னு சொல்லிருவேன். பூக்கட்டிப் பாக்கிற மாதிரிதான் இது."

பூவையே கட்டிப் பார்க்கலாமே என்றேன். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இது கட்டினவன் யாரென்று தெரியாத பொட்டலம், யாரும் கை வைக்க முடியாது என்றாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான். அந்தக் கதையில் ஆள் வராவிட்டால் அத்தை ஆலுவாவுக்குப் போய்விடுவாள்.

நான் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள். சுக்கு மணக்கிற அந்த விரல்கள்தான் எனக்குத் தலை பின்னிவிடும். அவளை விடுவதாக இல்லை. அடுத்த மூன்று வாரமும் நான் செய்த மொழிபெயர்ப்பைக் கேட்டிருந்தால் கதை எழுதினவரே மயங்கி விழுந்திருப்பார். போலீஸ்காரர் ஆற்றைக் காட்டி ஏதோ சொன்னால், உடம்பு கிடைக்கவில்லை, ஆள் நிச்சயம் உயிரோடு இருக்கிறார் என்பேன். டாக்டர் கண்ணாடியைத் துடைத்தால்கூட, வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்கிறார் என்பேன். வருவான் கட்சியின் பலம் கூடிக்கொண்டே போனது. எதற்காக நான் அவ்வளவு பாடுபட்டேன் என்று இப்போது உங்களுக்குத் தெரிகிறது அல்லவா?

பன்னிரண்டாவது வாரத்துக்கு மறுநாள் ஆலுவாக்காரர் அப்பாவைப் பார்க்க வந்தார். அப்பா வேலைவிட்டு வந்திருக்கவில்லை, அத்தை கிடங்கில் இருந்தாள். லாரியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். நான் நேராகப் போய், அத்தையை அடிப்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இதுவரைக்கும் லாரியைத் தவிர வேறு யாரையும் அடித்ததில்லை என்றார். அதுவும் அது ஸ்டார்ட் ஆகாத அன்றைக்கு மட்டும்தானாம். பிறகு, உங்கள் லைன் முழுக்க ஏதோ கதை பேசுகிறீர்களாமே, நான் ஞாயிற்றுக்கிழமை மலைச்சுரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருக்கிறவன், பார்த்ததே இல்லை, சொல்லேன் என்றார்.

பன்னிரண்டு வாரத்தையும் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் ஒரு பெரிய ஆள் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல்முறை. முடித்துவிட்டு, நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டேன். வரமாட்டான் என்று சொல்லிவிட்டால் அவர் மேல் கோபப்பட நான் தயாராக இருந்தேன்.

"வருவான்" என்றார். "நானும் ரோட்டுலயே கிடக்கிறவன்ல்லே. எங்க போனாலும் வண்டி வீட்டுப் பக்கம்தான் திரும்பப் பாக்கும். உயிரோட இருக்கிறவன் வரணும்னா வந்துருவான் மோளே. வரலேன்னா அவனுக்கு வரவேண்டாம், அவ்வளவுதான்."

அவர் சொன்னது சீரியல்காரனைத்தான். எனக்குப் பம்பாய்க்காரர்தான் கண்முன் வந்தார். பம்பாயிலிருந்து கொச்சிக்கு ரயில் இருக்கிறது, தபால் இருக்கிறது. ஆறு வருடம். அவருக்கு வரவேண்டாம். நம் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத அதை, பெண் கேட்டு வந்தவர் தன்னை அறியாமலே சொல்லிவிட்டார். அதுவும் தனக்கு எதிர்க்கட்சியில் நின்றுகொண்டு. அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க, ஞாயிறுதோறும் ஜெட்டியில் நிற்கிற அத்தையின் முதுகு எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. நான் எந்தக் கட்சிக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் மெல்ல மெல்லத் தெரிந்தது. அந்த ஜெட்டிக்கு அவள் இனிமேலும் போய்க்கொண்டே இருப்பதற்காக. அழுகையாக வந்தது. அழுதுமுடித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பொட்டலத்தில் எந்தப் பூ இருந்தாலும் சரி, எடுக்கிற கை என்னுடையது.

பதின்மூன்றாம் ஞாயிறு காலை நீங்கள் எல்லோரும் அந்த அறையில்தான் இருந்தீர்கள். ஆனால் நீங்கள் டிவியைப் பார்த்தீர்கள், நான் அத்தையைப் பார்த்தேன். அவள் கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதிலை இன்றைக்கு வாங்கிவிட வேண்டும் என்று அப்பா ஆலுவாக்காரரையும் வரச்சொல்லியிருந்தார். முந்தின நாள் பெய்த மழையில் ஆண்டெனா திரும்பிப்போய், தடுப்பைத் திறந்தால் படம் இல்லை, வெறும் புள்ளிகள்தான் கொதித்துக்கொண்டிருந்தன. மேஸ்திரி பெட்டியைத் தட்டினார், கும்பிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது ஆலுவாக்காரர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைமேல் ஏறினார். ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, ஆணி அடித்த வரிசையில்தான் காலை வைக்கவேண்டும். ஆண்டெனாக் குழாயைத் திருப்பினார். ஒரு பக்கம் வரும்போது படம் தெளியும், கையை எடுத்தால் போய்விடும். அதனால் அரைமணி நேரமும் தூறலில் நனைந்துகொண்டு அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். தன் தலையெழுத்தைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவருக்கு என்ன தெரியும்?

கடைசிக் காட்சி வந்தது. மணி அடிக்கிறது. மனைவி போய்க் கதவைத் திறக்கிறாள். வாசலில் தாடியோடு ஒரு ஆள். அவள் கை தலைமுந்தானைக்குப் போய், பாதியில் நின்று, கீழே விழுகிறது. சிரிக்கிறாள், உடனே அழுகிறாள். அவன் மூன்று நான்கு வாக்கியம் வேகமாகப் பேசினான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. புரியவேண்டிய தேவையும் இல்லை. அந்தச் சிரிப்பையும் அழுகையையும் பார்த்த யாருக்கும் வந்தது யார் என்று தெரியும். எனக்குத் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது.

மேஸ்திரி ஸ்டூல் பக்கம் திரும்பி, "என்ன சொல்றான்? ஆள் அவன்தானா?" என்றார். அத்தை டிவியைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கூரைமேலிருந்து குரல் வந்தது.

"தெளிஞ்சிருக்கோ? கையை விடட்டா?"

நான் எழுந்து நின்றேன்.

"இது தம்பியாம். அண்ணன் முதல் வாரமே ஆத்துல போயிட்டாராம். அதைச் சொல்லத்தான் வந்திருக்காராம்."

என்ன கலவரம் ஆனது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா அந்த முட்டையை எல்லாம் யார்தான் தின்றது என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அப்பா ஓடையைத் தோண்டாமல் கதையை முடித்தது அநியாயம் என்றார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அத்தை எழுந்து வெளியே போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தூறலில் தலையை மூடாமல் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"கதை முடிஞ்சிருச்சு. இறங்கி வாங்க."

அவரிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

ஓணத்துக்கு முன்பே கல்யாணம் நடந்தது. அத்தை ஆலுவாவுக்குப் போனாள், நான் ஒரு மாதம் தனியாகப் படுத்து அழுதேன். பம்பாய்க்காரர் பிறகு வரவே இல்லை, கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனால் அவர் வந்துவிடுவாரோ என்று நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். ஒரு பொய்யால் ஒருத்தியின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டோமே, அந்த ஆள் என்னதான் சொல்லியிருப்பான் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்ற வெறியில்தான் ஹிந்தியை ஒழுங்காகப் படித்தேன். அப்பா வாங்கிய சான்றிதழ்ச் சட்டங்கள் சுவரில் இடம் போதாமல் போயின. கடைசியில் கலூரில் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். எல்லாம் படித்து முடித்தபோது அந்தச் சீரியல் எங்கேயும் கிடைக்கவில்லை, இருபது நாளுக்கு முன்னால் அந்த லிங்க் வருகிறவரைக்கும்.

பார்த்தேன். யாரோ டேப்பில் பிடித்துவைத்த பிரதி, கோடுகோடாக ஓடுகிறது. ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. கணவன்தான். என்னை யாரும் பிடித்துவைக்கவில்லை, எந்த நாளும் என்னால் வந்திருக்க முடியும், நான்தான் வரவில்லை என்று சொல்கிறான். லாரி ஓட்டுகிறவர் வாசல்படியில் உட்கார்ந்து சொன்னதையேதான் அவனும் சொல்கிறான். அவள் அவனை உள்ளே விட்டாளா என்பதைக் காட்டாமலே முடித்துவிட்டார்கள். ஆக, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அன்று நான் சொன்னது பொய். தெரிந்தே சொன்ன பொய்.

உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் சொல்லவேண்டிய ஒருத்தி இருந்தாள். பேரன் அந்தச் சீரியலை டிவியில் போட்டுத் தரப்போகிறான் என்று அத்தை போனில் வேறு சொல்லியிருந்தாள். அவளாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். போன சனிக்கிழமை கலூரில் மெட்ரோ ஏறி ஆலுவாவில் இறங்கினேன்.

அத்தை சமையலறையில் மரவள்ளிக் கப்பை உரித்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரை, விரலில் மட்டும் அதே உறுதி. நான் உட்காரக்கூட இல்லை.

"அத்தை, அன்னைக்கு வந்தது தம்பி இல்ல. புருஷன்தான். நான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். கத்தி நிற்கவில்லை. "எனக்கு ஹிந்திதானே தெரியாது, கண்ணு இருந்துச்சுல்ல. புருஷன் வந்தா வாசல்ல எப்படி நிக்கணும்னு ஆறு வருஷம் ஒத்திகை பார்த்தவ நான். அவ நின்ன நிப்பே சொல்லிருச்சு."

பிறகு ஏன் வெளியே போய் அவரைக் கூப்பிட்டாய் என்று கேட்டேன்.

"அந்தாள் வந்து நின்னதும் எனக்கு ஐயோன்னு இருந்துச்சு. சந்தோஷமே வரல. இது எனக்கு வேண்டாத பூன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன செய்ய, பொட்டலத்தைப் பிரிச்சாச்சே. அந்த நேரத்துல நீ வேற பூவை எடுத்துத் தந்தே. வாங்கிக்கிட்டேன்." உரித்த கப்பையைத் தண்ணீரில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதே பழைய பார்வை. "மல்லியை மோந்துபாத்து எடுக்கிற கள்ளிதானே நீ. அந்தப் பாவப்பட்ட ஆட்டை வித்தது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருடமாக நான் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். நீ கேட்கவில்லையே என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மாமாவுக்கு இது ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றாள். ஒரு சீரியலைப் பார்த்துத்தான் தன்னைக் கட்டிக்கொண்டாள் என்று இந்த வயதில் அவர் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்? அதனால்தான் ஆலுவாவுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

கப்பை வெந்துகொண்டிருக்கும்போது பேரன் கடைசி வாரத்தைப் போட்டுவிட்டான். மாமாவுக்கு எழுபதுக்கு மேல் ஆகிவிட்டது, காதில் மெஷின். கூரைமேல் நின்றதால் தான் பார்க்காமல்போன கதை, முடிவை யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர், நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மணி அடித்தது. கதவு திறந்தது. தாடிக்காரன் பேசினான். மாமா என் பக்கம் திரும்பினார்.

"என்ன மோளே சொல்றான்?"

அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஹிந்தியில் எனக்கு இருக்கிற எல்லாப் பட்டத்தின் மேலும் சத்தியமாக, ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்துகொண்டிருந்தது.

"இது தம்பி மாமா. அண்ணன் செத்துட்டார்னு சொல்ல வந்திருக்கார்."

மாமாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான்தான் தப்பாச் சொன்னேன். அவன் வருவான்னு அன்னைக்கு வாசல்படியில இருந்து உங்கிட்ட நான் சொன்னேன்ல்லே?"

"யாரும் வரல்ல" என்றாள் அத்தை. "நீங்கதான் இறங்கி வந்தீங்க."

டிவியை அணைத்துவிட்டு, கப்பை எடுத்துவரப் போனாள்.